ஓடினால் குளிர், நின்றால் அனல்: கம்ப்ரசரை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: என்னிடம் 2015 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக் கார் இருக்கிறது. 82,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நான்கு வழிச்சாலையில் போகும்போது ஏ.சி. நன்றாகக் குளிர்கிறது. ஊருக்குள் வந்து சிக்னலிலோ ரயில்வே கேட்டிலோ நின்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் வெறும் காற்றுதான். வண்டி நகர்ந்ததும் மறுபடி குளிர். மார்ச் மாதம் கேஸ் குறைவு என்று ஏற்றினார்கள். ஒரு வாரம் தேவலை போலிருந்தது. மே மாதம் மறுபடி ஏற்றினார்கள். அதற்குப் பிறகு நிற்கும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கிறது, குளிர் அதோடு நின்றுவிடுகிறது. இப்போது கம்ப்ரசர் போய்விட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்கிறார்கள். மாற்றட்டுமா?
(வாசகர், திண்டுக்கல்)

பதில்:

இப்போது மாற்றாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் கம்ப்ரசர் மேல் சந்தேகம் கடைசியாகத்தான் வர வேண்டும். முதல் சந்தேகம் கண்டென்சர் ஃபேன் மேல், அதாவது பானட்டுக்குள் முன்பக்கம் இருக்கும் மின்விசிறி மேல். இரண்டாவது, மே மாதம் ஏற்றிய கேஸ் மேல்.

காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. நான்கு வழிச்சாலையில் குளிர்கிறது என்றால் கம்ப்ரசர் கேஸை அழுத்துகிறது, திரவத்தைக் கூலிங் காயிலுக்குள் பீய்ச்சும் எக்ஸ்பான்ஷன் வால்வு அடைத்துக்கொள்ளவில்லை, டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில் வேலை செய்கிறது, கேஸும் ஓரளவுக்காவது இருக்கிறது. வண்டி நின்றதும் இவை ஒன்றும் கெட்டுப்போவதில்லை, நகர்ந்ததும் சரியாவதும் இல்லை. நிற்கும்போது மாறுவது இரண்டுதான். கம்ப்ரசர் இன்ஜினோடு பெல்ட்டில் ஓடுவதால் அதன் வேகம் குறைகிறது: சாலையில் 2,500 ஆர்.பி.எம். சுற்றிய இன்ஜின் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் நிற்கும்போது) 750, 800க்கு வந்துவிடுகிறது. இன்னொன்று, கண்டென்சர் மேல் அடித்துக்கொண்டிருந்த எதிர்க்காற்று நின்றுவிடுகிறது. சாலையில் ஃபேன் ஓடாவிட்டாலும் அந்தக் காற்றே போதும். நின்றபின் ஃபேன் ஒன்றுதான் கதி.

கண்டென்சர் என்பது ரேடியேட்டருக்கு முன்னால், பம்பருக்குப் பின்னால் நிற்கும் மெல்லிய அலுமினியப் பலகை. காருக்குள்ளிருந்து எடுத்த சூட்டையெல்லாம் வெளியே கொட்டுவது அதன் வேலை. கம்ப்ரசரிலிருந்து சுடச்சுட வரும் கேஸ் அதற்குள் ஆறித் திரவமாக வேண்டும். உங்கள் காரில் இருக்கும் ஆர்-134ஏ கேஸ் 60 டிகிரியில் திரவமானால் ஹை சைடு (கம்ப்ரசர் அழுத்தித் தள்ளும் பக்கம்) அழுத்தம் சுமார் 230 பி.எஸ்.ஐ. காற்று போதாமல் அது 80 டிகிரிக்குப் போனால் அழுத்தம் 365ஐத் தாண்டும். அழுத்தம் ஏறினால் கம்ப்ரசர் திணறும், லோ சைடும் (கம்ப்ரசர் உறிஞ்சும் பக்கம்) கூடவே ஏறும். லோ சைடில் 28 பி.எஸ்.ஐ. இருந்தால் கூலிங் காயிலுக்குள் கிட்டத்தட்ட 0 டிகிரி; 40 என்றால் 7 டிகிரி; 55 என்றால் 14ஐத் தாண்டிவிடும். 14 டிகிரிக் காயில் வழியாக வரும் காற்று மே மாதத் திண்டுக்கல்லில் முகத்துக்கு வெறும் காற்றாகத்தான் தெரியும். இன்னும் ஏறினால் பைப்பில் இருக்கும் பிரஷர் ஸ்விட்ச் கம்ப்ரசரை வெட்டிவிடும். பல கார்களில் இந்த வெட்டு 450 பி.எஸ்.ஐ.யை ஒட்டி நடக்கும். பிரஷர் சென்சர் வைத்த சில கார்களில் அதற்கும் முன்னாலேயே.

நீங்கள் கேட்ட 'டிக்' பெரும்பாலும் அந்த வெட்டுதான்: கம்ப்ரசரைப் பெல்ட்டோடு சேர்த்துப் பிரிக்கும் காந்தக் கிளட்ச் விலகும் சத்தம். கிளட்ச் விலகுவது எப்போதுமே கோளாறு அல்ல. கூலிங் காயில் ஐஸ் பிடிக்காமல் இருக்க, 2, 3 டிகிரிக்கு வந்ததும் அது தானாக விலகிச் சேரும். ஆகவே சத்தத்தை மட்டும் கேட்டுப் பயனில்லை, அந்த நேரத்தில் வரும் காற்றைக் கையால் பாருங்கள். ஜில்லென்று இருக்கும்போது 'டிக்' என்றால் அது இயல்பு. சூடாக வரும்போது 'டிக்' என்றால் எதுவோ அதை நிறுத்துகிறது: கூடுதல் அழுத்தம், மிகக் குறைந்த கேஸ், இன்ஜின் சூடு, அல்லது கிளட்ச்சே பலம் இழந்துபோயிருப்பது.

மே மாதம் ஏற்றிய கேஸுக்கு வருவோம். கார் ஏ.சி. மூடிய சுற்று. இன்ஜின் ஆயில் போல ஓட ஓடக் குறையும் பொருள் அல்ல கேஸ். எட்டு, பத்து வருடத்தில் ஓ-ரிங், ரப்பர் ஹோஸ் வழியாகக் கொஞ்சம் கசிந்திருக்கலாம். இரண்டு மாதத்தில் குறைந்தால் கண்டுபிடிக்கக்கூடிய லீக் இருக்கிறது என்று பொருள். லீக்கைத் தேடாமல் இரண்டாம் முறை ஏற்றியிருக்கிறார்கள். எடை போட்டு ஏற்றினார்களா என்று நீங்கள் எழுதவில்லை; கேஜை (அழுத்தமானியை) மட்டும் பார்த்து ஏற்றியிருக்கவே வாய்ப்பு அதிகம். ஏ.சி.யை நிறுத்திவிட்டுக் கேஜில் பார்க்கும் அழுத்தம், உள்ளே எத்தனை கிராம் இருக்கிறது என்று சொல்லாது. 35 டிகிரி வெயிலில் ஆர்-134ஏ சுமார் 115 பி.எஸ்.ஐ. காட்டும். உள்ளே கொஞ்சம் திரவம் இருக்கும்வரை, 200 கிராம் இருந்தாலும் 500 கிராம் இருந்தாலும் அதே எண்தான். ஓடும்போது பார்க்கும் லோ சைடு எண்ணும் ஃபேன், வெயில், ஆர்.பி.எம். மூன்றையும் பொறுத்து மாறும்.

அளவுக்கு மேல் ஏறிய கேஸ் திரவமாகிக் கண்டென்சரின் கீழ்க் குழாய்களில் தேங்கிவிடும். ஆறுவதற்கு இருந்த இடம் அதனால் சுருங்கும். ஏற்கெனவே காற்று குறைவான கண்டென்சரில் இடமும் சுருங்கினால் ஐடிலில் அழுத்தம் வெட்டுக்கே போய்விடும். முன்பு 'வெறும் காற்று' என்றிருந்த புகார் மே மாதத்துக்குப் பிறகு 'நின்று நின்று வருகிறது' என்று மாறியதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. ஃபேனைக் கழற்றிப் பார்ப்பது அழுக்கு வேலை. சிலிண்டரை மாட்டுவது கால் மணி நேரத்தில் முடியும். எந்தக் கோளாறுக்கும் கேஸே மருந்தாகிப் போனது அப்படித்தான்.

இனி, வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை. சமையலறைக்கு விற்கும் கம்பி முனை கொண்ட டிஜிட்டல் தெர்மாமீட்டர், ஒரு ஏ4 தாள், ஒரு வாளி தண்ணீர், ஒரு மக். வெயில் நேரத்தில், திறந்த இடத்தில் செய்யுங்கள். ஷெட்டுக்குள் இன்ஜினை ஓட விடக் கூடாது. வண்டியை நியூட்ரலில் போட்டு ஹேண்ட்பிரேக் இழுத்து, கண்ணாடிகளை ஏற்றி, ஏ.சி.யை முழுக் குளிரில் வையுங்கள். புளோயர் 2ஆம் எண். உள்காற்று சுழலும் பட்டன் போட்டிருக்க வேண்டும். தெர்மாமீட்டர் முனையை நடு வென்ட்டுக்குள் செருகிப் பத்து நிமிடம் விடுங்கள். வெளியே 35 டிகிரி இருக்கும்போது நல்ல நிலையில் உள்ள சிறிய கார் ஐடிலில் 10 முதல் 14 டிகிரிக்குள் கொடுக்கும். 20ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் உங்கள் கோளாறு கண் முன்னே நடக்கிறது. அந்த நிலையில்தான் மற்றதையெல்லாம் பார்க்க வேண்டும். காலை 7 மணிக்கு ஒர்க்ஷாப் வாசலில் எல்லாக் காரும் குளிரும்.

பானட்டைத் திறந்து ஃபேனைப் பாருங்கள். சேலைத் தலைப்பு, துப்பட்டா, கை எதுவும் பக்கத்தில் போகக் கூடாது. இந்த ஃபேன் எந்த நொடியும் தானாகச் சுற்றும். சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் சுற்றும். பெரும்பாலான சிறிய கார்களில் ஏ.சி. கிளட்ச் சேர்ந்ததும் ஃபேனும் சேர்ந்து ஓட வேண்டும். பிரஷர் சென்சர் உள்ள கார்களில் அழுத்தம் கொஞ்சம் ஏறிய பின் ஓடும். வென்ட்டில் சூடு வந்தும் ஃபேன் அசையாமல் நின்றால் கோளாறு கிடைத்துவிட்டது. ஓடினாலும் திருப்திப்பட்டுவிடாதீர்கள். ஏ4 தாளை முன் கிரில் பக்கம் கண்டென்சர் அருகே பிடியுங்கள்: காற்று அதை இழுத்து ஒட்டவைக்க வேண்டும். தளர்வாக ஆடினால் ஃபேன் மெதுவாக ஓடுகிறது அல்லது காற்று வேறு வழியில் கசிகிறது. தாளை வெளியே தள்ளினால் ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது. யாராவது மோட்டார் மாற்றியபோது இரண்டு ஒயரையும் மாற்றிப் போட்டால் இது நடக்கும். ஃபேன் சத்தமாக, வேகமாக ஓடுவதால் யாருக்கும் சந்தேகமே வராது. காற்று முன்னிருந்து இன்ஜின் பக்கமாகப் போக வேண்டும், எதிர்ப்பக்கம் அல்ல.

இரண்டு ஃபேன் இருக்கும் காரென்றால் இரண்டையும் பாருங்கள். ஒன்று ரேடியேட்டருக்கு, ஒன்று கண்டென்சருக்கு என்று பிரித்திருப்பார்கள். சில மாடல்களில் ஏ.சி. போட்டால் இரண்டும் ஓட வேண்டும். ஒரே ஃபேன் இருக்கும் காரில் பெரும்பாலும் இரண்டு வேகம் உண்டு. குறைந்த வேகம் ஒரு ரெசிஸ்டர் வழியாக வரும். அந்த ரெசிஸ்டர் போய்விட்டால் குறைந்த வேகமே இருக்காது. இன்ஜின் கொதிக்கும் அளவுக்கு வந்தபின் அதிவேகம் மட்டும் ஓடும். இடையில் ஏ.சி. தவித்துக்கொண்டிருக்கும். இந்தக் கோளாறில் 'ஃபேன் ஓடுகிறதே, நானே பார்த்தேன்' என்று எல்லோரும் உண்மையாகவே சொல்வார்கள்.

அடுத்தது தண்ணீர். வென்ட் சூடாகி இருக்கும்போது, கிரில் வழியாகக் கண்டென்சர் மேல் மக்கில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு பக்கெட்டை ஒரு நிமிடத்துக்குப் பரவலாக. ஆல்டர்னேட்டர், ஒயர் கனெக்டர் பக்கம் தெறிக்க வேண்டாம். வென்ட் வெப்பநிலை ஓரிரு நிமிடத்தில் 5 டிகிரிக்கு மேல் சடசடவென்று இறங்கினால் கம்ப்ரசரும் எக்ஸ்பான்ஷன் வால்வும் நன்றாக இருக்கின்றன, சூடு வெளியே போகாததுதான் நோய். கேஜ் மாட்டாமல் கிடைக்கும் தகவல்களில் இதற்கு மேல் மதிப்புள்ளது இல்லை.

தண்ணீர் காய்ந்து வென்ட் மறுபடி சூடானதும் ஆக்சிலரேட்டரை மிதித்து 1,500 முதல் 2,000 ஆர்.பி.எம்.மில் இரண்டு நிமிடம் பிடியுங்கள். வண்டி நின்ற இடத்திலேயே இருக்கட்டும். எதிர்க்காற்று கிடையாது, கம்ப்ரசர் வேகம் மட்டும் கூடுகிறது. மின்சார ஃபேனின் வேகம் ஆர்.பி.எம்.மோடு பெரிதாக ஏறாது. இப்போது நன்றாகக் குளிர்ந்தால் சந்தேகம் அழுத்தும் பக்கம் திரும்புகிறது: கேஸ் குறைவு, பெல்ட் நழுவல், கிளட்ச், கடைசியாகக் கம்ப்ரசர் தேய்மானம். குளிராமல் 'டிக்' இன்னும் சீக்கிரம் வந்தால் சூடு கொட்டும் பக்கம்தான். கம்ப்ரசர் வேகமாக அழுத்த அழுத்த, போக்கிடம் இல்லாத சூடு அழுத்தத்தை ஏற்றுகிறது. இரண்டு சோதனையிலுமே பாதி பாதி குளிர்ந்தால் வீட்டுச் சோதனை அதோடு முடிந்தது, கேஜ்தான் பேச வேண்டும்.

உங்கள் கடிதத்தை வைத்து நான் எதிர்பார்ப்பது: தண்ணீரில் இறங்கும், ஆக்சிலரேட்டரில் இறங்காது.

அப்படி வந்தால் எலக்ட்ரீஷியனிடம் போங்கள், கேஸ் கடைக்கு அல்ல. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு ஃபேனைக் கையால் சுற்றச் சொல்லுங்கள். லேசாகச் சுற்றி மெதுவாக நிற்க வேண்டும். இறுகினாலோ பக்கவாட்டில் ஆடினாலோ புஷ் தேய்ந்திருக்கிறது. பேட்டரியை மாட்டி ஏ.சி. போட்டும் ஓடாத மோட்டார், ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டினால் ஓட ஆரம்பித்தால் உள்ளே கார்பன் பிரஷ் முடிந்துவிட்டது. இன்றைக்கு ஓடும், அடுத்த ரயில்வே கேட்டில் நிற்கும். பிறகு ஃபேன் ஓடும்போதே அதன் கனெக்டரில் வோல்ட் பார்க்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 இருந்தால் ஃபேன் முழு வேகத்தில் கனெக்டரிலும் அதைவிட அரை வோல்டுக்கு மேல் குறையக் கூடாது. 11 வோல்ட் வந்தால் ரிலே முனை கருகியிருக்கும், கனெக்டர் உருகியிருக்கும், அல்லது பாடி எர்த் போல்ட் துருப்பிடித்திருக்கும். இதைப் பார்க்காமல் மோட்டாரை மாற்றினால் புது மோட்டாரும் மெதுவாகத்தான் ஓடும். பேட்டரியிலிருந்து நேரடி ஒயர் கொடுத்தும் மந்தமாக ஓடினால் மட்டும் மோட்டாரைக் குற்றம் சொல்லலாம். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று அதைவிடப் பெரிய ஃபியூஸ் போட விடாதீர்கள். இறுகிய மோட்டார் கூடுதல் கரன்ட் இழுக்கும், ஃபியூஸுக்குப் பதில் ஒயர் எரியும். மோட்டார் மாற்றுவதாக இருந்தால் இறக்கை, மோட்டார், பிளாஸ்டிக் கூண்டு மூன்றும் உங்கள் மாடலுக்கே உரியதாக இருக்கட்டும். இறக்கையின் வளைவுக்கு ஏற்ற திசையில் சுற்றாத மலிவு மோட்டார்கள் சத்தம் போடும், காற்று இழுக்காது.

ஃபேன் சரியாக இருந்தும் தாள் ஒட்டவில்லையா? கண்டென்சர் அழுக்கைப் பாருங்கள். முன்பக்கம் பளிச்சென்று இருக்கும். தூசு அடைவது கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் விரல் அகல இடைவெளியில். பஞ்சு, வைக்கோல் தூள், பூச்சி, ஈரத்தில் ஒட்டிய மண் எல்லாம் அங்கே கம்பளி போலப் படிந்திருக்கும். பின்னாலிருந்து டார்ச் அடித்தால் முன்னால் வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பம்பரைக் கழற்றி, ரேடியேட்டரின் மேல் கிளிப்பை எடுத்துக் கொஞ்சம் பின்னுக்குச் சாய்த்து, இன்ஜின் பக்கத்திலிருந்து முன்னோக்கித் தண்ணீர் விட வேண்டும். வந்த வழியே வெளியே தள்ளுவதுதான் முறை. தோட்டத்து ஹோஸ் அழுத்தம் போதும். வாட்டர் வாஷ் கன்னைப் பக்கத்தில் வைத்து அடித்தால் குழாய்களுக்கு நடுவே இருக்கும் மெல்லிய அலுமினியத் தகடுகள் (ஃபின்) மடங்கி, அழுக்கு அடைத்ததைவிட மோசமாக அடைத்துவிடும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மெல்லிய சோப்புத் தண்ணீர், வீட்டு ஏ.சி.க்கு விற்கும் கடுமையான காயில் கெமிக்கல் வேண்டாம், அலுமினியத்தை அரிக்கும். தொட்டாலே ஃபின் சாம்பலாக உதிர்ந்தால் சுத்தம் செய்து பயனில்லை. குழாய் முழுதாக இருந்தாலும் சூட்டைக் காற்றுக்குக் கடத்த ஃபின் இல்லை. கண்டென்சரையே மாற்ற வேண்டும்.

கிரில்லுக்குப் பின்னால் பூச்சி வராமல் இருக்க வலை கட்டியிருக்கிறீர்களா? எக்ஸ்ட்ரா ஹாரன், ஃபாக் லைட் பிராக்கெட்? கழற்றிவிட்டுச் சோதனையை ஒருமுறை திரும்பச் செய்யுங்கள்.

இன்னொன்று பலரும் பார்க்காமல் விடுவது: கண்டென்சரின் இரு பக்கமும் மேலும் கீழும் ஃபோம் பட்டையோ ரப்பர் தகடோ இருக்கும். முன்னால் லேசாக இடித்து பம்பர் கழற்றி மாட்டிய காரில் இவை திரும்ப வருவதே இல்லை. அவை இல்லாவிட்டால் ரேடியேட்டரைத் தாண்டிப் பின்னால் போன 70, 80 டிகிரிக் காற்று ஓரமாகச் சுற்றி மறுபடி கண்டென்சர் முன்னால் வரும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அதை விடாது. நின்றதும் இன்ஜின் சூட்டையே கண்டென்சர் குடித்துக்கொண்டிருக்கும். ஃபேன் கூண்டில் உடைசல் இருந்தாலும் இதே கதைதான். தெர்மாமீட்டரைக் கண்டென்சர் முகத்துக்கு அருகே நிழலில் தொங்கவிட்டுப் பாருங்கள். ஐடிலில் வெளிக் காற்றைவிட 10 டிகிரிக்கு மேல் கூடுதலாகக் காட்டினால் சூடு திரும்பி வருகிறது. கடையில் கிடைக்கும் அடர்த்தியான ஃபோம் பட்டையை வெட்டி ஒட்டினால் சரியாகிவிடும். மிகக் குறைந்த செலவில் தீரும் கோளாறு இது.

காற்றுப் பக்கம் ஒழுங்கான பிறகுதான் கேஸ். இது கட்டாயம், ஏனென்றால் இப்போது உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இருக்கும் கேஸை மெஷினில் ரிகவர் செய்து (வெளியே உறிஞ்சி எடுத்து) எத்தனை கிராம் வந்தது என்று எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். அந்த எண்தான் உங்கள் இரண்டு மாத மர்மத்துக்கு விடை. ஸ்டிக்கரில் உள்ளதைவிட 100 கிராம் கூடுதலாக வந்தால் மே மாத வேலை அளவு மீறியது. குறைவாக வந்தால் லீக் இருக்கிறது. அளவு பானட்டின் உள்பக்கமோ ரேடியேட்டர் மேல் தகட்டிலோ ஸ்டிக்கரில் இருக்கும். சிறிய ஹேட்ச்பேக்குகளில் பெரும்பாலும் 350 முதல் 450 கிராமுக்குள். இவ்வளவு சிறிய அளவில் 50 கிராம் கூடினாலும் குறைந்தாலும் ஐடிலில் தெரியும்.

லீக்கை நைட்ரஜன் அழுத்தத்தில் சோப்பு நுரை வைத்துத் தேடலாம், அல்லது யு.வி. டை (விளக்கில் ஒளிரும் சாயம்) போட்டு இரண்டு வாரம் கழித்து நீல விளக்கில் பார்க்கலாம். எண்ணெய் கசிந்து தூசு பிடித்த ஜாயின்ட்தான் முதலில் பார்க்க வேண்டிய இடம்; சர்வீஸ் வால்வின் ஊசியையும் மறக்க வேண்டாம், மூடி இல்லாத வால்வு பல காரில் மெதுவாகக் கசிகிறது. பிறகு குறைந்தது 30 நிமிடம் வேக்யூம்: பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பது. நிறுத்திப் பதினைந்து நிமிடம் முள் அசையாமல் நிற்க வேண்டும். வேக்யூம் போடாமல் ஏற்றினால் உள்ளே தங்கும் காற்று திரவமாகாது, கண்டென்சரின் இடத்தைப் பிடித்துக்கொண்டு ஹை சைடை ஏற்றும். அதுவும் ஐடிலில்தான் முதலில் தெரியும். கேஸை எடை போட்டே ஏற்ற வேண்டும். வீட்டு ஏ.சி. சிலிண்டரில் இருக்கும் ஆர்-22, ஆர்-410ஏ எதையும் காரில் போட விடக் கூடாது. 'லீக் ஸ்டாப்' திரவமும் வேண்டாம். வால்வையும் ரிகவரி மெஷினையும் அடைக்கும்.

ஏற்றி முடித்ததும், ஐடிலில், வென்ட் சோதனை செய்த அதே நிலையில் கேஜைப் படிக்கச் சொல்லுங்கள். 35 டிகிரி வெயிலில் லோ சைடு 30 முதல் 45, ஹை சைடு 200 முதல் 250 என்றால் நல்லது. லோ 55, ஹை 300க்கு மேல் என்றால் காற்றுப் பக்கம் இன்னும் ஏதோ மிச்சம், அல்லது உள்ளே காற்று புகுந்திருக்கிறது. லோ 20, ஹை 140 என்றால் கேஸ் குறைவு. லோ 60க்கு மேல், ஹை 150ஐ ஒட்டி, இன்ஜினை 2,000க்கு ஏற்றினாலும் இரண்டுக்கும் இடைவெளி விரியவில்லை என்றால்தான் கம்ப்ரசர் குற்றவாளி: உள்ளே ரீட் வால்வோ பிஸ்டனோ தேய்ந்து, அழுத்திய கேஸ் திரும்பிக் கசிகிறது. அப்போதும் ஒரு விலக்கு உண்டு. கிளட்ச் விலகாமல் எப்போதும் சுற்றும் வேரியபிள் கம்ப்ரசர் என்றால் பின்னால் இருக்கும் கன்ட்ரோல் வால்வு மட்டும் சிக்கியிருந்தாலும் இதே எண்கள் வரும், அதைத் தனியாக மாற்றலாம். உங்கள் காரில் 'டிக்' கேட்பதால் சாதாரணக் கிளட்ச் வகையாகத்தான் இருக்கும்.

ஒரு வேளை ஃபேன், கேஸ் எல்லாம் சரியாகியும் சூட்டில் மட்டும் 'டிக்' தொடர்ந்தால் கிளட்ச்சைப் பார்க்க வேண்டும். விலகி நிற்கும் அந்த நேரத்தில் கிளட்ச் கனெக்டரில் வோல்ட் பார்க்கச் சொல்லுங்கள். 12 வோல்ட் வந்தும் முன் தட்டு சுற்றவில்லை என்றால் தேய்ந்து இடைவெளி கூடிவிட்டது. தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே 0.3 முதல் 0.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், 0.8க்கு மேல் போனால் கிளட்ச்சுக்குள் இருக்கும் காந்தக் காயில் சூடானபின் தட்டை இழுக்க முடியாது, ஐடிலில் வோல்டேஜ் குறையும்போது அறவே முடியாது. உள்ளே இருக்கும் ஒரு ஷிம்மை (மெல்லிய வளையத்தை) எடுத்தால் பல நேரம் தீர்ந்துவிடும். வோல்டே வரவில்லை என்றால் ஈ.சி.யூ. (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்), பிரஷர் ஸ்விட்ச், ரிலே இவற்றில் ஒன்று வெட்டுகிறது. கூலன்ட் சூடு 105, 110 டிகிரியை எட்டினால் இன்ஜினைக் காப்பாற்ற ஈ.சி.யூ.வே ஏ.சி.யை நிறுத்தும். பல சிறிய கார்களில் டெம்பரேச்சர் முள் கிடையாது, நீல விளக்கும் சிவப்பு விளக்கும் மட்டும்தான். சிவப்பு எரியும் முன்பே ஏ.சி. போய்விடும். ஓ.பி.டி. ஸ்கேனர் (காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) வைத்திருப்பவரிடம் ஐடிலில் கூலன்ட் வெப்பநிலையைப் பத்து நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள். அது ஏறிக்கொண்டே போனால் ஏ.சி.யை விட்டுவிட்டு ரேடியேட்டர், தெர்மோஸ்டாட் பக்கம் திரும்புங்கள்.

பெல்ட் நழுவினால் ஐடிலில் கீச்சென்று கேட்கும், ஹெட்லைட்டும் மங்கும். ஏ.சி. போட்டதும் இன்ஜின் 600க்கு இறங்கித் துடித்தால் இன்ஜினுக்குக் காற்று விடும் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்யுங்கள். ஹீட்டர் குமிழ் முழுக் குளிர்ப் பக்கம் போய் முட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள். உள்காற்றுப் பட்டன் போடாமல் நின்றால் பானட்டின் சூடு கண்ணாடிக்குக் கீழே இருக்கும் ஓட்டை வழியாக உள்ளே வரும், அது ஏ.சி.யின் குற்றமல்ல.

எல்லாம் பார்த்தும் கம்ப்ரசர்தான் என்று கேஜ் சொன்னால் மாற்றுங்கள். அப்போது கேஸில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும் ரிசீவர் டிரையரும் சேர்ந்து மாற வேண்டும். பழைய கம்ப்ரசர் எண்ணெயில் உலோகத் தூள் மினுமினுத்தால் கண்டென்சரையும் மாற்றாமல் விடாதீர்கள். இன்றைய மெல்லிய குழாய்க் கண்டென்சரைக் கழுவித் தூளை முழுதாக எடுக்க முடியாது. எண்ணெய் கம்ப்ரசர் தயாரிப்பாளர் சொன்ன வகையாக இருக்கட்டும், பெரும்பாலும் பி.ஏ.ஜி. 46. ஃபேனைச் சரி செய்யாமல் புதுக் கம்ப்ரசரை மாட்டினால் அதே கூடுதல் அழுத்தம் அதன் கிளட்ச்சையும் சீலையும் ஒரே கோடையில் தின்றுவிடும்.

வேலை முடியும்வரை நீண்ட நேரம் நிற்க வேண்டி வந்தால் ஏ.சி. பட்டனை அணைத்து புளோயரை மட்டும் ஓட விடுங்கள். குளிர் வரட்டும் என்று ஆக்சிலரேட்டரை மிதிப்பது உங்கள் காரில் கெடுதல். சிவப்பு விளக்கு எரிந்தால் ஓரமாக நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, புளோயரை முழு வேகத்தில் போடுங்கள். குறையவில்லை என்றால் இன்ஜினை அணைத்துவிடுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்கவே வேண்டாம்.

மறுபடி எழுதும்போது இவற்றைக் குறிப்பிடுங்கள்: தாள் ஒட்டியதா, தண்ணீர் ஊற்றியபோது வென்ட் எத்தனை டிகிரி இறங்கியது, ரிகவர் செய்தபோது எத்தனை கிராம் வந்தது, ஐடிலில் இரண்டு கேஜும் காட்டிய எண்கள், அன்றைய வெயில்.